குட்வில் பஸ் ஏறிப் போச்சு!

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். போகும்போது வைகை எக்ஸ்பிரஸில் ராஜா மாதிரி போய்விட்டோம். திரும்பும்போது ரயிலில் இடம் இல்லை. சாப்பாடு, மொய், 'இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா, வேலை எதுவும் கிடைக்கலியா?' என்ற சொந்தக்காரர்களின் கரிசனம் எல்லாம் முடிந்து, மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ்ஸைப் பிடித்தபோது ராத்திரி மணி பன்னிரண்டு. கூடவே அப்பா. அப்பா மடியில் தாம்பூலப் பை.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. பஸ்ஸில் உட்கார்ந்த அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவார். ஆனால், திருச்சி வந்ததும் யாரும் எழுப்பாமலே முழித்துக்கொள்வார். எப்படி என்று கேட்டால், "டீ வாசனைடா" என்பார். நாற்பது வருஷமாக எந்த ஊருக்குப் போய்வந்தாலும் மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி, எதிர் வரிசையில் ஒரு டீக்கடையில் டீ குடித்துவிட்டுத்தான் தென்னூர் வீட்டுக்கு வருவார். அந்த டீ தொண்டையில் இறங்கும்வரை அவர் கணக்கில் ஊர் வந்து சேரவில்லை.

அன்றைக்கு வாசனை வரவில்லை. கண்டக்டர்தான் வந்தார்.

"திருச்சில்லாம் எறங்கு! பஞ்சப்பூர், பஞ்சப்பூர்!"

அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஒரே வெளிச்சம். பெரிய பெரிய தூண்கள். பளபள தரை.

"எறங்காதடா! ஏதோ ஏர்போர்ட்டுக்குக் கொண்டாந்துட்டான்."

"திருச்சிதாம்பா. புது பஸ் ஸ்டாண்டு."

"திருச்சின்னா கடை எங்கடா?"

அதற்குள் எங்களைச் சுற்றி நாலு ஆட்டோக்காரர்கள். 'சார் எங்க... சார் எங்க...' தென்னூர் என்றதும் ஒருவர் வானத்தைப் பார்த்தார். மனசுக்குள் பெருக்கிக் கழித்து, "ஐந்நூறு குடுங்க" என்றார். நான் பி.காம். பேரம் பேசாவிட்டால் பட்டத்துக்கு அவமானம் அல்லவா? மன்றாடி 350-க்குக் கொண்டுவந்து வெற்றிப் புன்னகையோடு ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது. மதுரையிலிருந்து இங்கே வர எனக்கு ஆன டிக்கெட்டைவிட, இங்கிருந்து வீட்டுக்குப் போக ஆகிற செலவு அதிகம்!

(இதில் என் முட்டாள்தனமும் சேர்த்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.)

"சென்ட்ரல் வழியா போப்பா. ஒரு டீ குடிச்சிட்டுப் போயிரலாம்" என்றார் அப்பா. எடமலைப்பட்டிபுதூர் தாண்டி, பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே ஆட்டோ நின்றது. அப்பா இறங்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

கடை மூடியிருந்தது.

"டேய்... இந்தக் கடைக்கு ஷட்டர் இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தாண்டா தெரியும்!"

* * *

பஞ்சப்பூர் புராணம் தெரியாத வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 408 கோடி ரூபாய். 40 ஏக்கருக்கு மேல் இடம். ஒரே நேரத்தில் 401 பஸ்கள் வந்துபோகலாம். 2025 மே 9-ஆம் தேதி முதலமைச்சர் திறந்துவைத்தார். ஆனால், பஸ் ஓட ஆரம்பித்தது ஜூலை 16-இல்தான். நடுவிலே இரண்டு மாதத்துக்கு மேல், மண்டபம் அலங்கரித்து, மேளம் வாசித்து, மாப்பிள்ளை மட்டும் வராத கல்யாணம் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் போய் வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் அடுத்தபடியாக எங்கள் ஊரில் ஒரு புதுத் தலம்!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய பஸ் நிலையம் நிஜமாகவே திணறிக்கொண்டிருந்தது. தீபாவளி, பொங்கல் என்றால் பஸ் உள்ளே நுழைய ரோட்டில் வரிசை. வெளியே வர இன்னொரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவில் பலாப்பழ வண்டி. சென்னைக்கும் மதுரைக்கும் போகிற பஸ்ஸெல்லாம் ஊரின் வயிற்றுக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. வெளியே கொண்டுபோனது சரிதான். நான் சண்டைக்காரன் இல்லை, ஸ்வாமி.

பஸ் ஸ்டாண்டு ஊரை விட்டு ஓடுவதும், ஊர் அதைத் துரத்திக்கொண்டு போவதும் நம் தமிழ்நாட்டில் புதிதும் அல்ல. சென்னையில் பாரிமுனையிலிருந்து 2002-இல் கோயம்பேட்டுக்கு ஓடியது. ஊர் விடவில்லை, துரத்திப் பிடித்தது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்துக்கு ஓடியது. (டிசம்பர் 30-க்கும் பஸ் ஸ்டாண்டுகளுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்!) மதுரையில் 1999-இல் மாட்டுத்தாவணி. 'அங்கே எவன் போவான்?' என்று அன்றைக்குக் கேட்டவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு மாட்டுத்தாவணியைச் சுற்றி டிராஃபிக் ஜாமில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சப்பூரையும் எங்கள் ஊர் ஒருநாள் துரத்திப் பிடிக்கும். அந்த நாள் வரைக்கும் நடுவிலே கிடக்கிற அந்த ஆறேழு கிலோமீட்டரை யார் கடத்திவிடுவது என்பதுதான் கேள்வி.

கிளாம்பாக்கத்தில் என்ன நடந்தது? பஸ் நிலையம் முதலில் வந்தது. ரயில் நிலையம் அப்புறம் வரட்டும் என்று திறந்துவிட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பெட்டியோடு இறங்கியவர்களைக் கேட்டால் மீதிக் கதையைச் சொல்வார்கள்.

* * *

திருச்சிக்காரனுக்கு ஒரு திமிர் உண்டு. டவுன் பஸ் திமிர்!

மெட்ராஸ்காரன் மாதிரி நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று ஏங்கியது கிடையாது. சத்திரம் டு சென்ட்ரல் ரோட்டில் கையை நீட்டினால் பஸ். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினாலும் நின்றுவிடும், ஜாக்கிரதை. அரசு பஸ், அதற்கு முன்னால் ஒரு தனியார் பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு தனியார் பஸ். ஒன்றை ஒன்று முந்தி, ஒரே பயணியை மூன்று கண்டக்டர்கள் பாசத்தோடு அழைப்பார்கள். உள்ளே இளையராஜா. டைம் டேபிள் என்று ஒன்று உண்டா என்று எந்தத் திருச்சிக்காரனும் விசாரித்ததில்லை. ஸ்ரீரங்கம் போகிற 1-ஆம் நம்பர் பஸ்ஸை நம்பி ராத்திரி செகண்டு ஷோவுக்குப் போன தலைமுறை நாங்கள்.

இதற்கு அடிக்கல் கிடையாது. திறப்பு விழா கிடையாது. கல்வெட்டு கிடையாது. ஆனால், ஊரின் நிஜமான சொத்து இதுதான். கையை நீட்டினால் பஸ்.

(இந்த விஷயத்தில் என் மனைவியின் கணக்கு தனி. 2021-லிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் மகளிருக்கு டிக்கெட் கிடையாது அல்லவா? அவள் மூன்று தனியார் பஸ்களை அலட்சியமாக அனுப்பிவிட்டு நான்காவதாக வருகிற அரசு பஸ்ஸில் ஏறுவாள். நான் கூட இருந்தாலும் அப்படித்தான். "சத்திரமா இருந்தா என்ன, பஞ்சப்பூரா இருந்தா என்ன? எனக்கு எல்லா ஊரும் பூஜ்யம் ரூபாய் தூரம்தான்" என்கிறாள். என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தாங்க ஊரு பெரிசாயிடுச்சு!")

இப்போதெல்லாம் அந்த டவுன் பஸ்ஸுக்கும் சோதனை. பாதாளச் சாக்கடைக்கு என்று ஒரு தெருவைத் தோண்டுவார்கள். மூடுவார்கள். மூடியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி தோண்டுவார்கள். ஒரு கண்டக்டரிடம், "இது எந்த வழியா போகும்ணே?" என்று கேட்டேன். "ஏறுங்க தம்பி, எனக்கே போனாத்தான் தெரியும்" என்றார்.

* * *

மறுநாள் காலை பத்து மணிக்கு டீக்கடைக்குப் போனேன். ஷட்டர் மேலே போயிருந்தது. அண்ணன் கல்லாவில் இருந்தார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி நடந்ததைச் சொன்னேன். 350 ரூபாயைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, டவுன் பஸ்ஸு மேல் மாடியில நிக்கும்ல? ஏறிப் பாத்திருந்தா இருபது ரூபாய்க்குள்ள வந்திருப்பீங்களே!"

இதுதான் நான் சொன்ன முட்டாள்தனம். கீழ்த்தளத்தில் வெளியூர் பஸ், மாடியில் டவுன் பஸ் என்று பேப்பரில் நானே படித்திருக்கிறேன். படித்தவனுக்கு அர்த்த ராத்திரியில் ஞாபகம் வரவில்லை. அப்படியே வந்திருந்தாலும் அப்பாவை மாடிக்கு ஏற்றுவது எப்படி? அவருக்கு எஸ்கலேட்டர் என்றால் பயம். லிஃப்ட் என்றால் அதைவிட. அறுபது வருஷமாகத் தரையில் நின்ற பஸ்ஸையே ஓடிப்போய்ப் பிடித்தவர். 'பஸ் மாடியிலே நிக்குதாம்' என்று சொன்னால், மகனுக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருப்பார்.

"கடையை ஏண்ணே ராத்திரி மூடிட்டீங்க?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். "தம்பி காமர்ஸ்தானே? பாருங்க."

பார்த்தேன். ஜூலைக்கு முன்னால் தினமும் பால் 60 லிட்டர். அதற்குப் பிறகு 45. அப்புறம் 30. இப்போது 25. ஜூலைக்கு முன்னால் ராத்திரிப் பக்கத்தில்தான் எழுத்து அதிகம். இப்போது ராத்திரிப் பக்கமே இல்லை. ராத்திரி மாஸ்டர் கணக்கை முடித்துக்கொண்டு தொட்டியத்துக்கே போய்விட்டாராம். பதினொரு வருஷம் அவர் கையால் டீ குடித்திருக்கிறேன். தொட்டியத்துக்காரர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வாடகை குறைஞ்சுதாண்ணே?"

"வாடகைக்கு பஸ் ஸ்டாண்டு மாறுனது இன்னும் தெரியாது தம்பி."

அப்புறம் கேட்டார். "நீங்க படிச்சவங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்க. கடையை அங்க மாத்தலாமா, இங்கயே கிடக்கலாமா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் பி.காமைக் கௌரவமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்! பேனாவை எடுத்தேன். இடதுபக்கம் பற்று, வலதுபக்கம் வரவு. அங்கே போனால் டெபாசிட், புது அடுப்பு, புது பெஞ்சு, தினசரி போய்வர பெட்ரோல். இங்கேயே இருந்தால் மாதாமாதம் நஷ்டம். கூட்டிக் கழித்துவிட்டு கெத்தாகச் சொன்னேன்:

"அண்ணே, உங்க கடையில அடுப்பு, பாய்லர், பெஞ்சு எல்லாம் சேர்த்தா ஐம்பதாயிரம் தேறாது. நிஜமான சொத்து வேற. அதுக்குப் பேரு குட்வில்."

"அது எங்க இருக்கு?"

"உங்க பேரு, உங்க இடம், தினமும் வர்ற கஸ்டமர். கண்ணுக்குத் தெரியாது. சராசரி லாபத்தை மூணு வருஷத்தாலயோ அஞ்சு வருஷத்தாலயோ பெருக்கினா அதோட மதிப்பு வரும்னு பாடத்துல இருக்கு."

அண்ணன் யோசித்தார். "நாலு மணிக்கு வந்து ஹாரன் அடிச்சு, 'ரெண்டு ஸ்ட்ராங்கு'ன்னு கேக்குற மதுரை டிரைவர், சென்னை கண்டக்டர்... அவங்கதான?"

"அவங்களேதான்."

"அப்ப குட்வில்லு பஸ் ஏறிப் போயிருச்சு தம்பி."

என்ன சொல்வது என்று தெரியாமல், "காந்தி மார்க்கெட்காரங்க மாதிரி நீங்களும் அடம் பிடிச்சிருக்கணும்ணே" என்றேன்.

அது இன்னொரு கதை. காந்தி மார்க்கெட்டில் நெரிசல் என்று சொல்லி, இதே மதுரை ரோட்டில், கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாய்க்கு ஒரு மார்க்கெட் கட்டி, 2017 செப்டம்பரில் திறந்தார்கள். வெங்காயம் போகவில்லை. தக்காளி போகவில்லை. வியாபாரிகள் 'மாட்டோம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். 1868-லிருந்து இருக்கிற மார்க்கெட்டாயிற்றே, கட்டடம் கட்டிக் கூப்பிட்டால் வந்துவிடுமா?

அண்ணன் சிரித்தார். "வியாபாரிக்கு சங்கம் இருந்துச்சு, போகல. பஸ்ஸுக்கு டிரைவர் இருந்தாரு, ஓட்டிட்டுப் போயிட்டாரு. டீக்கடைக்கு ரெண்டும் கெடையாது."

"கவலைப்படாதீங்க. நான் பத்திரிகையில எழுதறேன். பஞ்சப்பூருக்கும் சத்திரம் மாதிரி நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ், ராத்திரி மூணு மணிக்கும் கையை நீட்டினா பஸ்... அப்படி விட்டாங்கன்னா எல்லாம் சரியாயிரும்."

"யாருக்கு?"

நான் விழித்தேன்.

"டீ விக்கிறது பசிக்கு இல்ல தம்பி. காத்திருக்கறதுக்கு. வெளியூர் பஸ்ஸை விட்டு எறங்குவான், விடியட்டும்னு நிப்பான், டீ குடிப்பான். பஸ் உடனே வந்துட்டா என் கடையில எவன் நிப்பான்?"

பி.காமில் இது வரவில்லை! ஊருக்கு எது நல்லதோ அது இவருக்கு நஷ்டம். பேனாவை மூடினேன்.

ஆனால், அவரே பேசினார். "இருந்தாலும் நீங்க எழுதுங்க. நிமிஷத்துக்கு ஒண்ணு வேணாம், ராத்திரியில கால் மணிக்கு ஒண்ணு நிச்சயமா இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"என்னண்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்னீங்க?"

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாளாம். ரெண்டு சனிக்கிழமைக்கு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் வருவாள். முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினால் அப்பா கடை. ராத்திரி மாஸ்டர் பாலைச் சுடவைத்துக் கையில் கொடுப்பார். குடித்துவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து, விடிந்ததும் அப்பாவோடு வீட்டுக்குப் போவாள். இப்போது அண்ணன் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பஞ்சப்பூர் போய்க் காத்திருக்கிறார்.

"மாடியில டவுன் பஸ் இருக்குப்பா, நானே வந்துர்றேன்னுதான் சொல்லுது. அது வந்துரும். எனக்குத்தான் மனசு கேக்கல. மூணு மணிக்கு ஒரு புள்ள தனியா நின்னுச்சுன்னா, எத்தனை ஏக்கர்ல நிக்கிதுன்னா பாக்க முடியும்?"

"அங்க காத்திருக்கறப்ப டீ குடிப்பீங்களா?"

"குடிப்பேன். அதைக் கேக்காதீங்க." முகத்தைச் சுளித்தார். தொழில் பக்தி!

கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டார். "அந்தக் குட்வில்லுன்னீங்களே... இருபத்தெட்டு வருஷமா சேர்த்தது. நஷ்டக் கணக்குல காட்டினா யாராச்சும் ஏதாச்சும் தருவாங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் விடை எனக்குத் தெரியும். பரீட்சையில் ரெண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் புத்தகத்தில் எழுதலாம். உழைத்துத் தானாகச் சேர்ந்த குட்வில்லை எழுதக் கூடாது. விதி அப்படி. புத்தகத்தில் இல்லாத சொத்து போனால், நஷ்டமும் புத்தகத்தில் வராது.

"அதை எழுத முடியாதுண்ணே" என்றேன் தயங்கிக்கொண்டே.

"சரி விடுங்க. எழுத முடிஞ்சதை எழுதுவோம்" என்று நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மேலே என் பெயர். கீழே நீளமாகத் தேதிகள்.

"டீ இருபத்தாறு, வடை ஒம்போது. நானூத்தி எண்பது ரூபா நிக்குது தம்பி. ஆட்டோவுக்கு மட்டும் பேரம் பேசாம குடுக்கறீங்க!"